இடது தோளில் ஒரு சாண்

என் தம்பி இரண்டு வருடமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வேலை போன அன்று அறைக்குள் நுழைந்தவன்தான். சாப்பாடு கதவருகே, பேச்சு என்னோடு மட்டும், அதுவும் எண்ணி நாலு வார்த்தை. யார் யாரோ வந்து புத்தி சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவனை அசைத்தது ஒரு மாயாஜாலக் கதை. டிராகன், கோட்டை, சாபம் என்று ஒன்பது தலையணைப் புத்தகங்கள். அதன் ரசிகர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்களாம். அவரவர் செய்த வாள், வரைந்த படம், தைத்த உடை எல்லாம் போட்டிக்கு மேடை ஏறுமாம். அங்கே அந்தக் கதையில் வரும் வடகோட்டைக் காவலனாக வேடம் போட்டு நிற்கப் போகிறேன் என்றான். நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பானா என்பதுதான் என் கவலை.

நான் உடை திருத்தும் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க யார் யார் பேண்ட்டுக்கோ கால் மடித்து, ஜிப் மாற்றி, கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. வீட்டுக்கு வந்தால் இவன் ஐந்து மாதமாக அந்தக் காவலனின் மேலங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். கம்பளியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டான், ஓரத்தை மெழுகுவர்த்தியில் பொசுக்கினான்.

"டேய், வீட்டக் கொளுத்தி வெச்சிடாத."

"புத்தகத்துல அப்படித்தான்க்கா இருக்கு."

எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

விழா அன்று காலை அவன் குளிக்கப் போயிருந்தான். நாற்காலியில் கிடந்த மேலங்கியில், இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். கடைசி நேரத்தில் எங்கேயோ மாட்டிக் கிழித்துக்கொண்டானே பாவி என்று அதைத் தூக்கிப் பார்த்தேன். என் கை சும்மா இருக்குமா? உள்மடிப்பிலிருந்து நூல் உருவி, இழை இழையாகக் கோத்து, கிழிந்த தடமே தெரியாமல் தைத்துவிட்டேன். கிளம்புகிற அவசரத்தில் அவனிடம் சொல்லவும் மறந்துபோனேன்.

மண்டபத்தில் அவன் முறை வந்தது. நடுவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைச் சுற்றி வந்தார்.

"எல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா கிழிசல் எங்க? சண்டைக்குப் போகாதன்னு காவலனோட அக்கா புடிச்சு இழுத்ததுல கிழிஞ்சது. சாகறவரைக்கும் அவன் அதத் தைக்கவே மாட்டானே."

தம்பி தோளைத் தடவிப் பார்த்தான். முதல் வரிசையில் இருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வேண்டுமென்றே கிழித்ததை நான் தைத்திருக்கிறேன். ஐந்து மாத உழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன், இனி அந்த அறைக் கதவு திறக்கவே திறக்காது என்று நினைத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"எங்க அக்கா தச்சுட்டாங்க. அவங்க டெய்லர். கிழிஞ்சதப் பாத்தா சும்மா இருக்க மாட்டாங்க."

மண்டபம் சிரித்தது. அத்தோடு நிறுத்திவிடுவான் என்றிருந்தேன். நிறுத்தவில்லை.

"கதையில அக்கா போகாதன்னு கிழிச்சா. எங்க அக்கா ரெண்டு வருஷமா, வெளிய போடான்னு கெஞ்சிட்டிருக்காங்க. அதனால இது இப்படியே இருக்கட்டும்."

பத்து மதிப்பெண் குறைத்தார்கள். பரிசு வேறு யாருக்கோ போனது. தம்பி மேடையோரத்தில், நீலத் தாடி ஒட்டிய மந்திரவாதி ஒருவரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். கடைசி பஸ் கிளம்ப இன்னும் அரைமணிதான் இருந்தது. கழுத்து விண்ணென்று வலித்தது. பேசி முடிக்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.