நீலத் திரைச்சீலை வீடியோ

கடை ஷட்டரை இறக்கிவிட்டு, திரைச்சீலை வியாபாரத்தைப் போனுக்கு மாற்றியவள் அவன் மனைவி. அவள் இறந்த பிறகும் அவளுடைய வீடியோவுக்கே ஆர்டர் குவிந்தது. அதில், காற்றில் மிதக்கும் நீலத் துணிக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வருவாள்.

“மாமா, அந்த நீலம் ஸ்டாக்கே இல்ல. அக்கா வீடியோவ எடுத்துடுங்க. இல்லாத சரக்கக் காட்டினா ஊர்ப்பட்ட திட்டும் எனக்குத்தான் விழுது,” என்றாள் மச்சினி.

அழிக்கப் போனான். அப்போது வீடியோவுக்குக் கீழே புதிதாய் ஒரு கேள்வி வந்தது: “அக்கா, இதப் போட்டா ரூம் இருட்டாயிடுமா?”

படுக்கையறையில் அதே நீலம்தான் தொங்கியது. அவள் போனதிலிருந்து அதன் பின்னாலிருந்த ஜன்னலை அவன் திறக்கவேயில்லை. இப்போது திறந்தான். வெயில் துணியில் ஊற, கட்டிலும் சுவரும் நீருக்கடியில் கிடப்பதுபோல் மெல்ல அசைந்தன.

“இருட்டாகாது,” என்று பதில் போட்டான். பிறகு மச்சினியிடம் சொன்னான்: “மில்லுக்குப் போன் போடும்மா. அந்த நீலத்தையே மறுபடி நெய்யச் சொல்லு.”