குதிரையின் பின்பாதி

பள்ளிக்கூட மேடையில் வரவேற்புரை சொல்லப் போய், "அனைவருக்கும்" என்ற ஒற்றைச் சொல்லோடு எனக்கு வாய் அடைத்துவிட்டது. அரங்கம் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டே இறங்கி ஓடினேன். அதற்கப்புறம் மூன்று வருஷமாக, வகுப்பில் "உள்ளேன்" சொல்லக்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னை, கேட்காமல் கொள்ளாமல் ஒரு நாடகப் பட்டறையில் சேர்த்துவிட்ட புண்ணியவதி என் அம்மா.

வேறொரு நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர், எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. மூன்று வாரம் பழகி, கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நாடகம் போட வேண்டும். மேடை ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் மைக்கோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் மற்ற மொழியில் சொல்லிவிடுவார். பட்டறை நடத்திய அக்கா வேஷங்களை வாசிக்க வாசிக்க நான் குனிந்த தலை நிமிரவில்லை. துணிக்குதிரை ஒன்று, உள்ளே இரண்டு பேர் என்றார். பின்பாதிக்கு யார் என்று கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். வசனம் கிடையாது, முகம் தெரியாது. எனக்கு வேறென்ன வேண்டும்? "உனக்கு ஏத்த வேஷந்தான்" என்று அண்ணன் ஒரு வாரம் வீட்டுக்குள் கனைத்துக்கொண்டே திரிந்தான்.

முன்பாதி, வந்தவர்களில் ஒருத்தி. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் நெட்டை. யாரைப் பார்த்தாலும் ஒரு நிமிஷத்தில் ஒட்டிக்கொள்வாள். சத்தமாகப் பாடுவாள், தடுக்கி விழுந்தால் அவளே முதலில் சிரிப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. குதிரைக்குள் நான் குனிந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் நாள் அவள் குதிகாலை ஏழு தடவை மிதித்தேன். இது உருப்படாது என்று, "இடது, வலது, நில்லு" என மூன்று சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். பதிலுக்கு அவள் தன் மொழியில் அந்த மூன்றையும், கூடவே ஒரு கெட்ட வார்த்தையையும் சொல்லிக்கொடுத்தாள். கெட்ட வார்த்தைதான் எனக்கு முதலில் மனப்பாடமாயிற்று. புழுக்கத்தில் குதிரைக்குள்ளேயே உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்போம், எதற்கென்று தெரியாமல் சிரிப்போம். இரண்டாவது வாரத்தில், அவள் விலாவில் கை வைத்தாலே சிரிக்கிறாளா களைத்துவிட்டாளா என்று எனக்குத் தெரிந்துவிடும். எரிச்சல் எப்போது போனதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களுமாக அரங்கம் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் அம்மாவும் அண்ணனும். மேடையில் ராஜா வேஷம் போட்ட எங்கள் பையன், தன் குதிரை எங்கே என்று அதட்டினான். நாங்கள் நுழைய வேண்டிய இடம் அது. திரைக்குப் பக்கத்தில் நெட்டை அசையாமல் நின்றாள். தள்ளிப் பார்த்தேன்.

"நில்லு," என்றாள். "நில்லு, நில்லு."

குரல் உடைந்திருந்தது. என் கைக்குள் அவள் விலா படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த நடுக்கம் எனக்கு அத்துப்படி. ஆனால் நெட்டைக்கா? என்னால் நம்பவே முடியவில்லை. ராஜா இரண்டாம் தடவையும் அதட்டினான். இன்னும் கொஞ்சம் விட்டால் இவளும் அழுதுகொண்டு ஓடுவாள், அப்புறம் மூன்று வருஷம் தலை நிமிர மாட்டாள். அவளுக்கு அது நடக்கவே கூடாது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

முன்பக்கம் போகாதென்றால் பின்பக்கம் போக வேண்டியதுதான். நாங்கள் உள்ளே நுழைவதற்காக வாலுக்குக் கீழே ஒரு திறப்பு வைத்துப் பட்டன் போட்டிருந்தார்கள். திரும்பி நின்று, பட்டன்களைப் பிய்த்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். பின்னால் கையை நீட்டி நெட்டையின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்த வழியைப் பார்த்தபடியே அவள் பின்னோக்கி நடந்து வந்தாள்.

குதிரை பின்புறமாக மேடைக்குள் நுழைந்தது. வால் என் கன்னத்தில் தொங்கியது. அரங்கமே கொல்லென்று சிரித்தது. அதே சிரிப்பு. காது சூடேறி, கால் ஓடத் தயாராகிவிட்டது. ஆனால் ஜில்லென்றிருந்த நெட்டையின் கை என் கையில் இருந்தது. ராஜா வசனத்தை மறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மன்னிக்கணும் ராஜா," என்றேன். "குதிரைக்குக் கொஞ்சம் கூச்சம்."

பாதி அரங்கம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் தானும் சிரித்துக்கொண்டே மைக்கில் அதைச் சொன்னார், மீதிப் பாதியும் சிரித்தது. நெட்டைக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். குதிரைக்குள்ளிருந்து அவள் வெடித்துச் சிரிப்பது கேட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, "இடது, இடது" என்று இழுத்தாள். தலைப்பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்ட அவள் தயாராகிவிட்டாள்.

நான்தான் நகரவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து நின்று கைதட்டினான். இன்னொரு தடவை சிரிக்க மாட்டார்களா என்று, வாலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.