மூக்கர் கண்டுபிடித்த பூ

ஒயின்காரனுக்கு மூக்கரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்திரிகையில் ஒயின்களுக்கு மதிப்பெண் போடுகிற மனிதர். மூக்கர் என்பது முதுகுக்குப் பின்னால் எல்லாரும் வைத்த பெயர். கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், சுழற்றுவார், முகர்வார், கொப்பளித்து வாளியில் துப்புவார். துப்பியதற்கும் ஒரு வியாக்கியானம் உண்டு. அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்குகிற தன்னை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனாலும் ஏங்கினான். அன்று அவர் ருசி பார்க்க வந்திருந்தது, பிரான்ஸின் போர்டோ பாணியில் கபர்னே, மெர்லோ திராட்சைகளைக் கலந்து, மரப்பீப்பாயில் அவன் பிள்ளை மாதிரி வளர்த்த சிவப்பு ஒயின்.

காற்றாடட்டும் என்று கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைத்திருந்ததை மனைவி கோப்பைகளில் ஊற்றினாள். மூக்கர் முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"லாவெண்டர் பூ. சிவப்பு ஒயின்ல இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல. எப்படிங்க கொண்டுவந்தீங்க?"

ஒயின்காரனும் முகர்ந்தான். வெறும் வெந்நீரில் அலச வேண்டிய கூஜாவை, பெரிய மனிதர் வருகிறாரென்று மாமியார் லாவெண்டர் வாசனைப் பாத்திரச் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறாள், புண்ணியவதி. மனைவிக்கும் புரிந்துவிட்டது. மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

மிதித்தும் அவன் அடங்கவில்லை. "பாட்டில்லேருந்தே கொஞ்சம் ஊத்துறேன் சார்."

புதுக் கோப்பையில் அவனுடைய ஒயின் அதுவாகவே மணத்தது: கறுப்புப் பழம், பென்சில் சீவல், கொஞ்சம் புகையிலை. இதற்காகத்தானே இத்தனை பாடு.

"இது வேற பீப்பாயா?" என்றார் மூக்கர். "பரவாயில்ல, சாதாரண ஒயின். முன்ன குடுத்ததோட இத வச்சுப் பேசாதீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். கூஜாவுல இருக்கறது சோப்பு வாசனை."

மூக்கர் முதல் கோப்பையை மறுபடி முகர்ந்தார். பிறகு அவன் தோளில் தட்டிச் சிரித்தார்.

"ரகசியத்தச் சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. அதுக்குன்னு சோப்பா?"

"இவரு எப்பவுமே இப்படித்தான் சார், தமாஷ்," என்றாள் மனைவி.

புதுக் கோப்பையில் மிச்சமிருந்ததை வாளியில் கவிழ்த்துவிட்டு, மூக்கர் அந்தக் காலிக் கோப்பையைக் கூஜாவின் பக்கம் நீட்டினார். இந்த வருடத்தின் முதலிடம் இதற்குத்தான் என்றார். ஒயின்காரன் கூஜாவைத் தூக்கி ஊற்றினான். "ரொம்ப நன்றி சார்" என்று தன் வாய் குழைந்ததை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை.