ஏழாவது வாக்குறுதி

அச்சகத்தில் தம்பிக்கு ஒரு பழக்கம். எந்த நோட்டீஸையும் புதிதாகத் தொடங்க மாட்டான். கணினியில் ஒரு பழைய நோட்டீஸைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, உள்ளே இருப்பதை அழித்து அழித்து எழுதுவான். அக்கா நகரசபைத் தேர்தலில் நின்றபோதும் அப்படித்தான். பழைய உறுப்பினரின் நோட்டீஸ் மேலேயே தெருவிளக்கில் தொடங்கி அவளுடைய ஆறு வாக்குறுதிகளையும் ஏற்றினான். ஏழாவது வரியை மட்டும் அழிக்க மறந்துவிட்டான்.

‘ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை.’

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவள். சாலையில் யாரையும் நம்ப மாட்டாள். தம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். நோட்டீஸ் கட்டைப் பிரித்தாள், வீடு வீடாகக் கொடுத்தாள், ஜெயித்தாள்.

மூன்றாம் மாதம் நான்கு பெண்கள் நோட்டீஸும் கையுமாக வந்து நின்றார்கள். தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“கூரை எப்பம்மா வரும்?”

“எந்தக் கூரை? நான் தெருவிளக்குதானே சொன்னேன்?”

“பாத்தியாடி, ஜெயிச்சாச்சுல்ல!” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்ன ஒருத்தி அக்காவிடம் திரும்பினாள். “நீயாவது மாற மாட்டேன்னு நெனச்சோம்.”

அவர்கள் போனபிறகுதான் அக்கா அந்த நோட்டீஸை முதல்முறையாக முழுசாகப் படித்தாள். தம்பி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்தான்.

“அக்கா, அது என் வேலை. பழையவரோடது. அழிக்காம விட்டுட்டேன்.”

“அடப்பாவி! அவர் அஞ்சு வருஷமா செய்யாததை என் தலையில கட்டிட்டியா?”

“என் தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுக்கா.”

“சொன்னா உன் கடைக்கு எவன்டா வருவான்?”

சொல்லாவிட்டால் அக்கா பொய்க்காரி. இந்த வருஷம் அவள் வார்டுக்கு ஒரே ஒரு வேலைதான் என்று சபையில் வேறு முடிவாகியிருந்தது. எது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் மதியம் வேனை ஓரங்கட்டிவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். ஒரு மணி நேரம் பஸ் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. காலில் கட்டுப் போட்ட ஒருவர் எக்ஸ்ரே உறையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்றார். அக்கா நகர்ந்து நகர்ந்து அவருக்குத் தன் நிழலைக் கொடுத்துப் பார்த்தாள். அது போதவில்லை.

“கூரைதான் முதல்ல. விளக்கு அடுத்த வருஷம்.”

“விளக்கு கேட்டவங்க சும்மா விடுவாங்களா? மாறிட்டாள்னு கிழிப்பாங்க.”

“மாறிட்டேன்தானே? ஏன் மாறினேன்னு நோட்டீஸ் அடி. ஏழாவது வரி நான் சொன்னதில்ல, படிக்காம கொடுத்தது என் தப்புன்னும் போடு. உன் பேரே வேண்டாம்.”

வியாழக்கிழமை மாலை அச்சகத்தில் மாதிரித் தாளை நீட்டினான். அக்கா பென்சிலை வைத்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவள்போல வரிவரியாக இறங்கினாள். அவள் சொன்னது எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே, சொல்லாத ஒன்றும் இருந்தது: ‘அழிக்காமல் விட்டது அச்சகத்தின் தவறு.’

நிமிர்ந்து பார்த்தாள். அவன் இயந்திரத்தைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான். அந்த வரியை அவள் அடித்து நீக்கவில்லை.

பென்சில் கடைசி வரிக்கு வந்து நின்றது.

“டேய், இங்க வா. இது என்ன?”

எட்டிப் பார்த்தான். தேர்தல் நோட்டீஸ் மேலேயேதான் இதையும் செய்திருந்தான். அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘மறவாமல் வாக்களிப்பீர்!’

“உன்னைத் திருத்தவே முடியாதுடா,” என்று சிரித்துக்கொண்டே அதைச் சுற்றி வட்டம் போட்டாள் அக்கா.