ஜீரோ பாத்துக்குங்க

லிஃப்ட்காரர் பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியை விட்டு, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லையே, பேசுவதற்காக நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லிஃப்ட்காரர் என்றால் எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. நாங்கள் குடியிருக்கும் இந்த நாட்டுக்காரர் இல்லை, வேறு நாட்டில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இங்கே தன் மாமா வீட்டில் தங்கி, மாமாவின் காரிலேயே என்னைப் பார்க்க வந்திருந்தார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் நான் அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்வதாகத்தான் கிளம்பியிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது போதாதென்று, முந்தைய சம்பந்தம் நிச்சயம் வரை போய் நின்றுபோன கதை வேறு. அதை மட்டும் இவரிடம் மூச்சு விடக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

வண்டியில் ஏறியதிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. சரி, நானே ஆரம்பித்தேன்.

"நான் பல்செட் செய்யற லேப்ல இருக்கேன். வேலையை விடமாட்டேன்."

"எதுக்கு விடணும்?"

"பல் அச்சைப் பாத்தே அந்த ஆள் எந்தப் பக்கமா மெல்லுறார்னு சொல்லிடுவேன். போன தடவை வந்தவனுக்கு அது அருவருப்பாம். நிச்சயமெல்லாம் ஆன பிறகு சொல்றான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறவில்லை. "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன? அவன் இருக்கற நாட்டுல முதல்ல பெட்ரோலை நிரப்பிக்கலாமாம், காசு பிறகுதானாம். அதே பழக்கம். ஒரு வருஷம் போன்ல என் தலையைத் தின்னுட்டு, காசு குடுக்காமலே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் கலங்கிவிட்டது, சனியன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"பின்னே? அந்த வாரம் ஒருத்தருக்கு வலது பல்லை இடது பக்கம் வெச்சுக் குடுத்துட்டேன்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். லிஃப்ட்காரர் நெளிந்தார். "நாமளே எறங்கிப் போடணும்போல இருக்கே. எங்க நாட்டுல உக்காந்தே இருந்தா ஆள் வந்து போடுவாங்க. ஃபுல்லுன்னு சொல்லிட்டு ஜன்னல் வழியா காசைக் குடுத்தாப் போதும். அதான் காத்திட்டிருந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட கடவுளே, இவர் பெட்ரோல் போடும் ஆளுக்காகவா உட்கார்ந்திருந்தார்? நான் இங்கே குடலையே உருவி வெளியே போட்டிருக்கிறேன்.

இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். இந்த நாட்டில் காசு முதலில், பெட்ரோலை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போய் பம்ப் நம்பரைச் சொல்லிக் கட்டிவிட்டு வந்தால், மனிதர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கோபமா?"

"ஆள் வரலைன்னு வருத்தமா இருக்குமே உங்களுக்கு."

"ஆள் வரமாட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. முன்னாடி நின்னவர் தானே எறங்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு."

"தெரிஞ்சும் ஏன் உக்காந்திருந்தீங்க?"

"நீங்க நிச்சயம் ஆச்சுன்னு சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல எப்படி எறங்கறது?"

நான் பம்ப் பக்கமாக வந்து அவரருகே நின்றேன். அவர் குழாயை வண்டியில் செருகி, பம்ப்பின் முகப்பைக் காட்டினார்.

"ஜீரோ பாத்துக்குங்க."

"என்ன?"

"எங்க நாட்டுல பெட்ரோல் போடறவர் முதல்ல இதைத்தான் சொல்வாரு. முந்தினவங்க கணக்கு நம்ம தலையில விழக் கூடாதில்ல."

பார்த்தேன். சுத்தமாக ஜீரோதான்.

டேங்க் நிறைந்ததும் வண்டியில் ஏறி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, உளறிட்டியா?" என்றாள் எடுத்ததும்.

"எல்லாத்தையும்."

"போச்சு. இனி அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"

"சரின்னு சொல்லும்மா," என்றேன்.