கோந்து வீட்டுக்கு வந்த கம்பளங்கள்

முதல் கம்பளம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து மேலாளரின் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது. பழைய கார்களை உடைக்கும் பட்டறையிலிருந்து சாலையின் இடது ஓரமாக ஊர்ந்து, சிக்னலில் நின்று, பச்சை விழுந்த பிறகே கிளம்பி வந்தது. பார்த்தவர்கள் பலர். வேலைக்கு நேரமாகிவிட்டதால் யாரும் நிற்கவில்லை.

கார்களுக்குள் விரிக்கும் கம்பளம் செய்யும் ஆலைக்கு மேலாளர் அவர். தொழிலாளர்கள் அவரைக் கோந்து என்றார்கள், அவர் காதுபடவே. மேலே நைலான், நடுவில் ரப்பர், கீழே பிளாஸ்டிக், அடியில் பஞ்சு என்று நான்கையும் ஒட்டும் பசை அவருடைய கண்டுபிடிப்பு. “எமனே வந்தாலும் பிரிக்க முடியாது” என்பார். அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. கார் செத்தால் இரும்பு உருக்காலைக்குப் போகும், கண்ணாடி கண்ணாடிக்காரனிடம் போகும். கம்பளத்துக்குப் போக்கிடம் கிடையாது. உருக்கினால் நைலான் இளகுவதற்குள் ரப்பர் கருகும். புதைத்தார்கள், எரித்தார்கள், ஊரே இருமியது. அந்த ஆண்டுதான் அவருக்குச் சிறந்த மேலாளர் விருது கொடுத்தார்கள்.

அதே ஆலையின் வடிவமைப்புப் பிரிவில் இருந்த அவர் மனைவி ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: “நாலு அடுக்கையும் ஒரே பாலியஸ்டர்ல பண்ணிடலாம். பசையே வேண்டாம், சூடு காட்டினா அதுவே பிடிச்சுக்கும். பழசானா மொத்தமா உருக்கி மறுபடி நூலாக்கலாம்.”

“வீட்டுல பேசற மாதிரியே இங்கயும் பேசினா எப்படிம்மா?” என்றார் கோந்து. அறை சிரித்தது. பாலியஸ்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர்களில் இருவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் கம்பளங்கள் வரத் தொடங்கின. கூடம் நிரம்பியது, மாடிப்படி நிரம்பியது. கொட்டிய பாலும், நனைந்த நாயும், யாரோ என்றோ எடுத்த வாந்தியும் சேர்ந்து நாறின. மகளின் கட்டிலில் ஒன்று சுருண்டு கிடந்தது.

“அப்பா, இதுங்க ஏன் நம்ம வீட்டுக்கே வருது?”

“வழி தப்பி வந்திருக்கும்.”

“இத்தனையுமா?”

நிர்வாகம் குழு அமைத்தது. குழு தெருவிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆராய்ந்து, வீட்டை மாற்றும்படி பரிந்துரைத்தது. கோந்து மாற்றினார். சாமான் லாரி போய்ச் சேர்வதற்கு முன்பே கம்பளங்கள் புதுவீட்டில் படுத்திருந்தன. பார்வையிட வந்த முதலாளியின் செருப்பை ஒன்று மோந்து பார்த்தது. அன்று மாலையே கோந்தின் மனைவி சொன்ன திட்டத்துக்கு அனுமதி வந்தது. முதலாளிக்கு ஞானம் பிறந்ததாக ஆலையின் விளம்பரம் சொல்கிறது. பிறந்தது பயம்.

அவளுடைய முதல் கம்பளத்தில் ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் வழுக்கை விழுந்தது. கோந்து ஆலை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து காட்டினார். அவள் அந்த இடத்தில் மட்டும் அதே நூலை நெருக்கமாகத் தைக்கச் செய்தாள், பிறகு குறையில்லை. ஆண்டுகள் போய் அந்தக் கார்களும் உடைபட வந்தபோது, கம்பளங்கள் ஒரே இழுப்பில் கழன்று, உருகி, நூலாகி, அடுத்த காரில் ஏறிக்கொண்டன. எதுவும் யார் வீட்டையும் தேடிப் போகவில்லை. அனுமதி வந்த அன்றே எல்லாம் தன் யோசனை என்று சொல்லத் தொடங்கிய முதலாளி, கடைசியில் அதைத் தானே நம்பியும் விட்டார்.

கோந்தின் மனைவி மகளை அழைத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனாள். “நீங்க ஒட்டினதை நீங்கதான் பிரிக்கணும்” என்று மட்டும் சொன்னாள். கத்தி, வெந்நீர், அமிலம் என்று எல்லாவற்றையும் முயன்ற கோந்து, கடைசியில் நகத்தால் உரிக்கக் கற்றுக்கொண்டார். ஒன்றைப் பிரிக்க ஒரு பகல் பிடிக்கும். நான்கும் தனித்தனியானதும் கம்பளம் அசைவதை நிறுத்திவிடும். பட்டறை வண்டி வந்து அள்ளிப் போகும். அவர் பசை போட்ட பழைய கார்கள் இன்னும் ஏராளம் ஓடுகின்றன. நகராட்சி சாலையோரம் ஊர்ந்து வரும் கம்பளங்களுக்கென்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அவை கடக்கும்வரை பேருந்து நிற்கும், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வாழ்நாளெல்லாம் மனிதர்களை ‘டேய்’ என்றே கூப்பிட்ட கோந்து, காலையில் கதவைத் திறந்து ஒதுங்கி நின்று சொல்கிறார்: “வாங்க, உள்ள வாங்க.”