பந்தை வைக்கிற கை

சின்னராஜ் சந்தேகப்படாத ஆள் ஊட்டியில் யாராவது உண்டா என்றால், அவருடைய மகள் கீர்த்தனா ஒருத்திதான். அவளும் அமெரிக்காவில் இருந்ததால் தப்பித்தாள். பெட்ரோல் பங்கில் கண் இமைக்காமல் மீட்டரைப் பார்ப்பார். பால் ஊற்றினால் குனிந்து நுரையை ஊதிவிட்டுப் பார்ப்பார். நிலம் அளக்கிற ஆபீஸில் முப்பது வருஷமாகச் செயின்மேன் வேலை. சர்வேயர் படத்தைப் பார்த்து அளவு சொல்லுவார், சின்னராஜ் சங்கிலியை இழுத்துப் பிடித்து எல்லைக்கல் நடுவார். ஒரு முழ நிலத்துக்காகக் கூடப்பிறந்தவன் கற்பூரம் அடித்துப் பொய் சொல்வதைப் பார்த்த மனுஷனுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

இப்பேர்ப்பட்டவர் அமெரிக்கக் கால்பந்துக்கு ரசிகரானதே ஒரு சங்கிலியால்தான். கீர்த்தனா பஃபலோ என்கிற பனி ஊரில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தவள், அந்த ஊர் டீமின் ஆட்டத்தை அப்பாவின் போனில் போட்டுக் காட்டினாள். ஹெல்மெட் போட்ட தடியன்கள் முட்டிக்கொள்வதைப் பார்த்து, இதுக்கு மார்க்கெட்டில் கோஸ் மூட்டை இறக்குவதைப் பார்க்கலாம் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் கம்பும் சங்கிலியுமாக மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். நாலு வாய்ப்புக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும், எட்டியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் சங்கிலி வைத்து அளப்பார்கள் என்று மகள் விளக்கினாள். அட, நம்ம ஆளுக என்று வாயெல்லாம் பல்லாகிவிட்டது சின்னராஜுக்கு.

ஆட்டம் பிடிபடப் பிடிபட, சந்தேகமும் கூடவே வளர்ந்தது. சங்கிலி வைத்து அங்குலக் கணக்கில் அளக்கிறார்களே, அந்தப் பந்து எங்கே நின்றது என்று யார் சொல்வது? பத்துப் பேர் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து கிடக்கிற குவியலைப் பார்த்துவிட்டு, வரிச்சட்டை போட்ட நடுவர் ஒருத்தன் குத்துமதிப்பாக வந்து காலை ஊன்றுவான். அங்கே பந்தை வைப்பான். அதுதான் கணக்கு. "சங்கிலி பொய் சொல்லாதுங்க. பந்தை வைக்கிற கைதான் பொய் சொல்லும்," என்பார். ஆபீஸில் இதைக் கேட்காத காது கிடையாது.

ஜனவரியில் பிளேஆஃப் வந்துவிட்டால் இன்னும் மோசம். ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷமே முடிந்தது. அந்தத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்க, சின்னராஜ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். ஆட்டம் கடைசிக் கால் மணிக்கு வந்தது. நாலாவது வாய்ப்பு, ஒரு கெஜம் கூட வேண்டாம், அதற்கும் குறைவு. பஃபலோக்காரன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தான். இரண்டு பக்கமிருந்தும் வரிச்சட்டைகள் ஓடி வந்தன, ஆளுக்கொரு இடத்தில் நின்றன. எட்டவில்லை என்று தீர்ப்பு. வீடியோவில் திரும்பப் பார்த்தும் மாற்றவில்லை. மூன்றே பாயிண்டில் பஃபலோ தோற்றது. அந்தக் கை அழுகிப் போகும் என்று சின்னராஜ் வயிறெரிந்து சபித்தார். நாஷ்டாவும் சாப்பிடவில்லை.

அந்த எரிச்சலோடுதான் ஜீப்பில் ஏறினார். எமரால்டு பக்கம் ஒரு நிலத்தை மறு அளவை செய்ய வேண்டும். போகிற வழியெல்லாம் சர்வேயர் சசிதரனுக்கு வரிச்சட்டைக் கதைதான். சசிதரன் சின்ன வயசு, மரியாதையான ஆள். ஆனாலும் அவரிடம் இன்றைக்கு ஏதோ சரியில்லை என்று சின்னராஜுக்குப் பட்டது. வழியில் போன் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, மதியத்துக்குள்ள முடிச்சிரலாங்க என்று தணிந்த குரலில் சொன்னார். யாரிடம்? எதை?

இடத்துக்குப் போனதும் விடை கிடைத்த மாதிரி இருந்தது. மேல் நிலத்துக்காரர் கருப்புசாமி, கோயம்புத்தூரிலிருந்து வந்து மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நிலத்தை வாங்கிக் கேரட் போட்டிருந்தார். வேலி போட வேண்டும், அதற்குத்தான் அளவை. சர்வேயருக்கு ஃபிளாஸ்க்கில் காபி வந்தது. ஜீப்பின் பின்னால் ஒரு மூட்டை கேரட் ஏறியது. மூட்டையைத் தான் காசு கொடுத்து வாங்கினதாக டிரைவர் சொன்னான். அப்படித்தான் சொல்லுவான் என்று சின்னராஜ் நினைத்துக்கொண்டார்.

கீழ் நிலம் மருதாயியுடையது. சிலோன் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, அந்தப் பணத்தில் ரெண்டு அறையும் ஒரு அடுப்படியும் கட்டியிருந்தாள். புருஷன் இல்லை. தினமும் விடியற்காலையில் அந்த அடுப்பில் இட்லி ஊற்றி, தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்றுத்தான் பிழைப்பு. எல்லைக்கல்லிலிருந்து அரையடி கீழே தள்ளி அடுப்படிச் சுவர். அந்தக் கல்லை இருபது வருஷத்துக்கு முன்னால் நட்டது சின்னராஜ்தான்.

சசிதரன் கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். கருவி காட்டின எல்லை, கல்லிலிருந்து நாலடி கீழே இருந்தது. அதாவது மருதாயியின் அடுப்படிக்குள்ளே.

சின்னராஜுக்குக் காலையில் பார்த்த குவியல் மறுபடி கண்ணில் வந்தது. ஃபிளாஸ்க், மூட்டை, தணிந்த குரல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. மருதாயி மட்டும் பதறவில்லை.

"ஐயா கையால நட்ட கல்லு. அவரு நிக்கையில நான் ஏன் பயப்படணும்?" என்றாள்.

அது போதாதா சின்னராஜுக்கு? மெஷினை நம்ப முடியாது, மேலே ரோட்டுக்கல்லிலிருந்து சங்கிலி போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சசிதரன் மறு பேச்சில்லாமல் சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறாரே, அதிலும் என்ன சூதோ என்று சின்னராஜ் யோசித்தார்.

படத்தில் முப்பது மீட்டர், சரியாக ஒரு சங்கிலி நீளம். மலைச் சரிவில் சங்கிலியைத் தரையோடு படுக்கப் போட்டு அளக்கக் கூடாது. மேல் முனையைத் தரையில் வைத்து, கீழே இருப்பவர் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தொட்ட இடத்தில் குச்சி குத்த வேண்டும். ஐந்து ஐந்து மீட்டராக, படி இறங்குகிற மாதிரி. மேல் முனைக்கு உதவியாள் காளிமுத்து, கீழ் முனைக்குச் சின்னராஜ். முதல் படியிலேயே, அவசரமாக இறங்கின சின்னராஜின் கையிலிருந்த சங்கிலி தொய்ந்து புல்லில் கிடந்தது. காளிமுத்து அதை அப்படியே இழுத்துப் பிடித்து, சரியா என்று கேட்டான்.

"படுக்கப் போட்டா அளவு குறையும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று சின்னராஜ் எரிந்து விழுந்தார்.

சொன்னதும் அவர் கண் கீழே எல்லைக்கல்லுக்குப் போனது.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாசம். இதே சரிவு. மழை கண்ணைத் திறக்கவிடவில்லை, கெண்டைக்கால் முழுக்க அட்டை. அன்றைய சர்வேயர் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. சின்னராஜ்தான் சங்கிலியை மேலேயிருந்து உருட்டிவிட்டார். அது தரையோடு தரையாகக் கிடந்தது. முனை வந்த இடத்தில், நிஜ எல்லைக்கு மேலேயே, கல்லை நட்டுவிட்டு, அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு ஓடினார். அப்புறம் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. பெட்ரோல் பங்கு மீட்டரைச் சந்தேகப்பட்டார், வரிச்சட்டைக்காரனைச் சந்தேகப்பட்டார், இந்தக் கல்லை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

சசிதரன் படத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். கருப்புசாமி மேலே ரோட்டோரம் நின்றார். இப்போது கையைத் தணித்தால் போதும். ஒவ்வொரு படியிலும் புல்லைத் தொடுகிற அளவுக்குத் தணித்தால், சங்கிலி பழைய கல்லிலேயே வந்து நிற்கும். அடுப்படி தப்பிக்கும், முப்பது வருஷப் பேரும் தப்பிக்கும். மருதாயி வேறு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. ஆனால் விடியற்காலையில் அழுகிப் போகும் என்று சபித்ததும் ஒரு கையைத்தானே?

சங்கிலியை நெஞ்சுக்கு மேலே தூக்கி மட்டமாகப் பிடித்தார். படி படியாக இறங்கினார். கல்லைத் தாண்டினார். கடைசிப் படிக்கு மருதாயியின் அடுப்படிக் கதவைத் திறக்கச் சொன்னார். தூக்குக்குண்டு ஆடி ஆடி, அடுப்புக்கு முன்னால், அவள் பலகை போட்டு உட்காருகிற இடத்தில் நின்றது. மெஷின் சொன்ன அதே இடம்.

"கல்லைத் தப்பா வெச்சது நாந்தானுங்க. அன்னிக்கு மழைல சங்கிலியத் தரையில போட்டுட்டேன். இந்தம்மா மேல தப்பில்லைங்க," என்றார் சின்னராஜ். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் ஒரு தடவை சொன்னார்.

கருப்புசாமி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்ததும் அவருக்கும் சங்கடமாகிவிட்டது. அவசரமில்லைங்க, பேசிக்கலாம் என்றார். அதை மருதாயி காதில் வாங்கவில்லை. குண்டு நின்ற இடத்தையும் சின்னராஜின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஊட்டி மார்க்கெட் தராசைச் சின்னராஜ் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தாள்.

பிறகு சசிதரன் பக்கம் திரும்பினாள்.

"கீழ ஓடைக் கல்லுலருந்து இன்னொருக்கா அளந்து பாருங்க தொர. ஆனா சங்கிலிய இவரு புடிக்க வேணாம்."

சசிதரன் சின்னராஜைப் பார்த்தார். சின்னராஜ் சங்கிலியின் பிடியைக் காளிமுத்துவிடம் கொடுத்துவிட்டு, வேலி போடப்போகிற கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.